குறுக்கே நின்ற விண்மீன்

ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' தொடங்கும்போது மேடையில் காதலரும் இல்லை, வாள் உருவும் பகைவரும் இல்லை. ஒருவர் மட்டும் வந்து 14 அடிப் பாட்டு ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறார். வெரோனா நகரம், இரண்டு குடும்பங்கள், பழைய பகை, அதில் பிறந்த பிள்ளைகள், அவர்களுடைய சாவு என்று முழுக்கதையும் அதற்குள் வந்துவிடும். ஆனால் ரோமியோ என்ற பெயரோ ஜூலியட் என்ற பெயரோ அந்தப் பாட்டில் இல்லை. பெயர் வரவேண்டிய இடத்தில், ஆறாம் அடியில், ஓர் அடைமொழி நிற்கிறது: ஸ்டார்-கிராஸ்டு. விண்மீன் குறுக்கிட்ட காதலர்கள்.

இந்தக் கூட்டுச் சொல்லுக்கு ஆங்கில அகராதிகள் காட்டும் மிகப் பழைய ஆட்சி இதுதான். அது பிழைத்து வந்ததும் ஒரு நல்வாய்ப்பு. 1597இல் வந்த முதல் அச்சில் முன்னுரைப் பாட்டு 12 அடிகளாக இருக்கிறது. 1599இல் வந்த இரண்டாம் அச்சில் 14 அடிகளாக நிறைந்திருக்கிறது. இரண்டிலும் இந்தச் சொல் உண்டு. ஆனால் 1623இல், ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, நண்பர்கள் அவருடைய நாடகங்களைத் திரட்டிப் பெரிய தொகுப்பாகப் போட்டபோது, இந்த நாடகத்தின் முன்னுரைப் பாட்டு அதில் இடம்பெறவில்லை. முந்தைய சிறு நூல்கள் எல்லாம் அழிந்து அந்தப் பெருந்தொகுப்பு மட்டுமே எஞ்சியிருந்தால், இந்த அடைமொழியை நாம் இந்த நாடகத்தில் பார்த்திருக்க முடியாது.

முதலில் அதன் ஓசையைக் கேட்க வேண்டும். இரண்டே அசை. முதல் அசை 'ஸ்டார்': வாய் அகலத் திறந்து நீளும் நெடில், மேலே பார்க்க வைக்கும் ஒலி. இரண்டாவது 'கிராஸ்ட்': மெய்யெழுத்துகள் நெருக்கியடித்து நிற்கும், உயிர் நடுவில் மாட்டிக்கொண்ட ஒலி. அந்தக் கால அச்சில் இந்தப் பின்பாதியை உச்சரிப்பது போலவே 'ட்' ஓசையில் முடியும்படி எழுதியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் சொல் எந்த இரட்டை மெய்யில் தொடங்குகிறதோ அதே 'ஸ்ட்' ஒலியில்தான் முடிகிறது. நடுவில் இருக்கிற அந்த 'ஆ' மட்டும்தான் வெளி. இரு பக்கமும் அடைப்பு. பாட்டின் சந்தத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ஒன்று விட்டு ஒன்று அழுத்தம் விழும் யாப்பு அது. 'ஸ்டார்' அழுத்தம் விழும் இடத்தில் சரியாக உட்கார்ந்துவிடுகிறது. 'கிராஸ்ட்' விழுவது அழுத்தம் இல்லாத இடத்தில். ஆனால் அந்த அசை லேசாகக் கடந்துபோக முடியாத கனம் கொண்டது. சொல்பவரின் நாக்கு அங்கே ஒரு கணம் தடுக்கி, பிறகுதான் காதலர் என்ற சொல்லுக்குப் போகும். தடையைப் பற்றிப் பேசும் சொல்லே அடியின் ஓட்டத்தில் ஒரு தடையாக நிற்கிறது. மேடையில் நல்ல நடிகர் இதை அவசரப்படுத்தமாட்டார்.

இனி அதன் கட்டுமானம். ஒரு பெயர்ச்சொல்லையும் ஒரு பெயரெச்ச வடிவத்தையும் சிறு கோட்டால் இணைத்து அடைமொழி ஆக்குவது ஆங்கிலத்துக்குக் கைவந்த வேலை. வெயிலில் உலர்ந்தது, பனி மூடியது, கையால் செய்தது எல்லாம் இப்படி இரண்டு சொல்லில் அடங்கும். உறவைச் சொல்லும் சிறு சொல் எதுவும் வெளியே தெரியாது. தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இது பழகிய காட்சி; தொகைநிலைத் தொடர் என்று நாம் சொல்வது இதைத்தான். உருபு தொக்கி நிற்கிறது, அதாவது மறைந்து நின்று வேலை செய்கிறது. ஸ்டார்-கிராஸ்டு என்பதை விரித்தால் 'விண்மீன்களால் குறுக்கிடப்பட்ட' என்று வரும். 'ஆல்' மறைந்த மூன்றாம் வேற்றுமைத் தொகை. ஆங்கிலத்தில் எல்லாக் கூட்டு அடைமொழியும் இப்படி விரியாது என்பதையும் கவனிக்க வேண்டும். இதயம் உடைந்தவர் என்று சொல்லும் 'ஹார்ட்-புரோக்கன்' பார்வைக்கு இதே அச்சில் வார்த்தது போல இருக்கும். அங்கே உடைந்தது இதயம். உடைத்தது வேறு யாரோ. இங்கே விண்மீன்தான் செயலைச் செய்வது. கோடு ஒன்றேதான், அதன் கீழே மறைந்திருக்கும் உறவு வேறு.

தொகை என்று வந்துவிட்டால் மயக்கமும் கூடவே வரும். நம் இலக்கண உரைகளில் 'புலி கொல் யானை' என்று ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? உருபு மறைந்ததால் இரண்டும் நிற்கும். இந்தக் காதோடு ஸ்டார்-கிராஸ்டைக் கேட்டால் எனக்கு அந்த நாடகமே வேறு விதமாகத் திறக்கிறது. விண்மீன் காதலரைக் குறுக்கிட்டதா, காதலர் விண்மீனைக் குறுக்கிட்டார்களா? ஆங்கில இலக்கணம் முதல் பொருளைத்தான் அனுமதிக்கும். சொல்லின் ஈறு செயப்பாட்டுக்கு உரியது. ஆனால் கதை இரண்டாவது பொருளையும் நோக்கி நடக்கிறது. முதல் அங்கத்தில், விருந்துக்குப் போகும் வழியில், ஏதோ ஒரு தீய விளைவு விண்மீன்களில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று ரோமியோவின் மனம் கலங்குகிறது. ஐந்தாம் அங்கத்தில் ஜூலியட் இறந்துவிட்டாள் என்ற பொய்ச்செய்தி வந்ததும் அவன் விண்மீன்களை நேரே விளித்துப் பேசுகிறான். 1597 அச்சில் அவன் அவற்றை எதிர்க்கிறான். 1599 அச்சில் மறுக்கிறான். இக்காலப் பதிப்புகள் பெரும்பாலும் எதிர்ப்பதையே எடுத்துக்கொள்கின்றன. கடைசியில் கல்லறைக்குள் நின்று, தீய விண்மீன்களின் நுகத்தடியைத் தன் உடம்பிலிருந்து உதறப்போவதாகச் சொல்லி நஞ்சைக் குடிக்கிறான். குறுக்கிடப்பட்டவன் குறுக்கிட எழுந்த கணம் அது. விண்மீன்கள் அவனுக்கு எழுதிவைத்ததும் அந்தக் கணத்தைத்தான் என்பது நாடகத்தின் கொடுமை.

இதற்கு நடுவே ஷேக்ஸ்பியர் செய்யும் இன்னொரு நுட்பத்தை நான் எப்போதும் நின்று ரசிப்பேன். காதல் பேசும்போது இருவருக்கும் விண்மீன் என்றால் அச்சமில்லை, ஆசை. தோட்டத்தில் நின்று ஜூலியட்டைப் பார்க்கும் ரோமியோவுக்கு அவளுடைய கண்கள் வானத்து விண்மீன்களின் வேலையைச் செய்யக்கூடியவையாகத் தெரிகின்றன. மணமான அன்று அவன் வரவுக்குக் காத்திருக்கும் ஜூலியட், சாவுக்குப் பின் அவனைச் சிறு சிறு விண்மீன்களாக வெட்டி வானத்தில் பதிக்கச் சொல்லி இரவிடம் கேட்கிறாள். முன்னுரைப் பாட்டைக் கேட்டவர்கள் நாம், அவர்கள் கேட்கவில்லை. தமக்குக் குறுக்கே நிற்பது எதுவோ, அதைக் கொண்டே ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்கிறார்கள்.

'கிராஸ்' என்ற வினைக்கு அந்தக் காலத்தில் தடுத்தல், குலைத்தல், எண்ணியது நடக்காமல் செய்தல் என்பது வழக்கமான பொருள். 'பூனை குறுக்கே போய்விட்டது' என்று நாம் சொல்லும்போது அந்தக் 'குறுக்கே'யில் இருக்கும் அச்சம் இதற்கு மிக அருகில் வருகிறது. லண்டன் மக்களுக்கு விண்மீன் வெறும் உவமை இல்லை. எலிசபெத் அரசி முடிசூட 1559 ஜனவரி 15ஆம் நாளைக் கணித்துக் கொடுத்தவர் ஜான் டீ என்ற கணித அறிஞர், சோதிடர். கோள்நிலையைப் பார்த்து நோயாளிக்கு மருந்து சொன்ன சைமன் ஃபார்மன், குளோப் அரங்கில் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பார்த்துக் குறிப்பும் எழுதி வைத்தவர். இப்படிப்பட்டவர்கள் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் அந்தச் சொல் உச்சரிக்கப்பட்டபோது அதற்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

இன்று தேவைப்படுகிறது. ஆங்கிலம் பேசுவோரில் பலர் இந்தச் சொல்லைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு பயன்படுத்துகிறார்கள்: விண்மீன்களே சேர்த்துவைத்த ஜோடி, ஒருவருக்காகவே ஒருவர் பிறந்தவர்கள் என்று. திருமண வாழ்த்தில்கூட எழுதிவிடுகிறார்கள். எப்படி நேர்ந்தது என்பது ஊகிக்கக் கடினமில்லை. தடுத்தல் என்ற பொருள் அந்த வினையில் மங்கிவிட்டது; கடத்தல், சந்தித்தல் என்பவை முன்னால் வந்துவிட்டன. இருவர் பாதைகள் சந்தித்தன என்று சொல்லவும் அதே வினைதான். கூடவே விண்மீன் என்றால் இன்று மனத்தில் எழுவது ஒளியும் புகழும். சோதிடத்தின் நிழல் விலகியதும் சொல் பளபளப்பாகிவிட்டது. நாளும் கோளும் பார்த்துப் பொருத்தம் எழுதும் வழக்கம் உள்ள வீட்டிலிருந்து வருபவருக்கு இந்தப் பிழை எளிதில் வராது. விண்மீன்களுக்கு வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் உண்டு என்று அவருக்குத் தெரியும்.

ஆறாம் அடியில் அந்தச் சொல்லைத் தொடர்ந்து வரும் வினையையும் பார்க்காமல் நகர முடியாது. இக்காதலர் தம் உயிரை 'எடுக்கிறார்கள்'. பகைவர் இருவரின் வயிற்றில் இருந்து உயிர் பெற்றுப் பிறக்கிறார்கள் என்பது இலக்கணப்படி அமையும் பொருள். தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்கிறார்கள் என்பது காதில் விழும் பொருள். பிறப்பும் இறப்பும் ஒரே வினையில். தமிழிலும் பிறவி 'எடுக்கிறோம்', உயிரையும் 'எடுக்கிறோம்' என்பதால் இந்த இரட்டைப் பொருளைச் சுவைக்க நமக்கு எந்தச் சிரமமும் இல்லை. அந்த அடைமொழி இல்லாமல் இந்த இரட்டைப் பொருள் பிடிபடாது. விண்மீன் குறுக்கிட்டது என்று முதலில் சொன்னதால்தான் எடுத்தல் என்ற வினைக்குள் சாவு கேட்கிறது.

அதே பாட்டின் ஒன்பதாம் அடியில் இதன் உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது: 'டெத்-மார்க்டு', சாவு குறித்த காதல். இதுவும் பெயரும் வினையும் சேர்ந்த கூட்டு. இதுவும் மூன்றாம் வேற்றுமையாக விரியும். ஆனால் 'மார்க்' என்பதற்கு அடையாளம் இடுதல் என்றும் பொருள், இலக்கு என்றும் பொருள், கடலோரத்தில் மாலுமிகள் பார்த்து வழி கணிக்கும் குறி என்றும் பொருள். அந்த அடியிலேயே பயணத்தைக் குறிக்கும் சொல்லும் வருகிறது. எனவே சாவு முத்திரை குத்திய காதல் என்றும் கேட்கலாம். சாவைக் கரைக்குறியாகக் கொண்டு பாய்விரித்த காதல் என்றும் கேட்கலாம். 1597 அச்சில் இந்த அடைமொழி காதலின் மேல் இல்லை, பயணத்தின் மேல் இருக்கிறது, அதுவும் பெற்றோருடைய சினத்தின் பயணம். 1599 அச்சில் அது காதலின் மேல் வந்து உட்கார்ந்தது. எனக்கு இரண்டாவதுதான் பெரிது. சினத்துக்குச் சாவுக்குறி இருப்பதில் வியப்பில்லை. காதலுக்கு இருப்பதுதான் நெஞ்சை உலுக்குகிறது. பயணம் என்று வந்ததும் விண்மீனும் புதுப் பொருள் பெறுகிறது. கடலில் வழி காட்டுவது விண்மீன்; அதுவே குறுக்கே நின்றால் கப்பல் எதைப் பார்த்துப் போகும்? ரோமியோ நாடகம் நெடுக மாலுமியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான். விருந்துக்குப் போகும்போது தன் பாயைத் திருப்புபவனிடம் தன்னை ஒப்படைக்கிறான். தோட்டத்தில் தான் மாலுமி இல்லை என்கிறான். நஞ்சைக் குடிக்கும்போது அதையே மாலுமி என்றழைத்துக் கப்பலைப் பாறையில் மோதச் சொல்கிறான். இந்த மூன்று இடங்களுக்கும் வித்து முன்னுரையின் அந்த இரண்டு அடைமொழிகளில் இருக்கிறது என்பது என் துணிபு.

விண்மீன் எப்படிக் குறுக்கிடுகிறது? இடி விழுவதில்லை, நிலம் பிளப்பதில்லை. ஷேக்ஸ்பியருக்கு மூலமாக இருந்த ஆர்தர் புரூக்கின் 1562ஆம் ஆண்டுப் பாட்டுக்கதை மாதக் கணக்கில் நீள்கிறது. நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கி அந்த வார வியாழன் விடியலில் முடிந்துவிடுகிறது. இந்த நெருக்கத்துக்குள் சின்னச் சின்ன நகர்வுகளே போதும். ஜூலியட்டுக்கும் பாரிஸ் என்ற பிரபுவுக்கும் வியாழன் அன்று மணம் என்று முடிவு செய்த தந்தை, மகள் இணங்கிவிட்ட மகிழ்ச்சியில் அதைப் புதனுக்கு முன்தள்ளுகிறார். ஒரு நாள்தான். அதனால் அவள் இறந்தவள் போல 42 மணி நேரம் உறங்கவைக்கும் மருந்தை ஒரு நாள் முன்னதாகவே குடிக்க நேர்கிறது. நாடுகடத்தப்பட்ட ரோமியோவுக்கு இதைத் தெரிவிக்கத் துறவி ஜானிடம் கொடுத்தனுப்பிய கடிதம், அவன் இருக்கும் மான்டுவாவுக்குப் போய்ச் சேரவில்லை. கொள்ளைநோய் இருப்பதாகச் சந்தேகப்பட்ட வீட்டில் அவரை உள்ளே வைத்துக் கதவை அடைத்துவிட்டார்கள். ரோமியோ இறந்து சற்று நேரத்தில் ஜூலியட் கண் விழிக்கிறாள். இந்தச் 'சற்று நேரம்' தாங்க முடியாததாக இருந்திருக்க வேண்டும். 1748இல் டேவிட் காரிக் தன் மேடைக்காக நாடகத்தைத் திருத்தியபோது ரோமியோ சாகும் முன்பே ஜூலியட்டை விழிக்கவைத்து இருவரையும் பேசவைத்தார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு லண்டன் பார்த்தது அந்த வடிவத்தைத்தான். கண்ணீருக்கு அது நல்ல காட்சி. ஆனால் ஸ்டார்-கிராஸ்டு என்ற சொல்லுக்கு அது துரோகம். சந்திக்கவிடாத அந்தச் சிறு இடைவெளியில்தான் அந்தச் சொல் வாழ்கிறது.

நம் அம்பிகாபதி கதையும் இதே அளவுச் சிறு இடைவெளியில்தான் கவிழ்கிறது. காமம் கலவாத நூறு பாட்டு பாட வேண்டும். கடவுள் வாழ்த்தையும் சேர்த்து எண்ணிவிட்ட காதலி அமராவதி நூறு முடிந்தது என்று திரை விலக்கி எட்டிப் பார்க்க, பாடியிருந்தது தொண்ணூற்றொன்பது. 1937இல் எல்லிஸ் ஆர். டங்கன் இதைப் படமாக எடுத்தபோது ரோமியோ ஜூலியட் காட்சிகளின் சாயல் அதில் ஏறியது. இரண்டு கதைகளுக்கும் இடையே யாரும் வலிந்து பாலம் கட்ட வேண்டியிருக்கவில்லை.

இந்தச் சொல்லின் அருகில் இன்னொரு சொல்லை வைத்துப் பார்த்தால் இதன் கூர்மை இன்னும் தெரியும். 'இல்-ஸ்டார்டு': கெட்ட விண்மீனை உடையவர். இது வேற்றுமைத் தொகை இல்லை, நம் அன்மொழித்தொகைக்கு உறவு. இதில் விண்மீன் அந்த மனிதருக்கே உரியது. பிறக்கும்போதே கூட வந்தது. ஸ்டார்-கிராஸ்டில் விண்மீன் வெளியிலிருந்து வந்து வழிமறிக்கிறது. அப்படிச் சொல்ல, அந்த மனிதர் எங்கோ போய்க்கொண்டிருக்க வேண்டும். போகாதவரை யார் குறுக்கிட முடியும்? ஆசையும் வேகமும் இருந்தவருக்கே இந்தச் சொல் பொருந்தும். ஷேக்ஸ்பியர் முந்தைய சொல்லை ஒதெல்லோவின் வாயில் வைக்கிறார். தான் மூச்சை அடைத்துக் கொன்ற டெஸ்டிமோனாவின் உடலைப் பார்த்து அவன் அவளை இல்-ஸ்டார்டு என்கிறான். கொன்ற கை அவனுடையது. கெட்டது அவளுடைய விண்மீனாம். அந்த அடைமொழியில் ஒரு தப்பித்தல் இருக்கிறது. கேட்கும்போது உடம்பு கூசும்.

இதே தப்பித்தல் ஸ்டார்-கிராஸ்டின் இன்றைய ஆட்சியிலும் புகுந்திருப்பது எனக்கு வருத்தம். காதலரை விட்டு வெளியே வந்து இந்தச் சொல் இப்போது விளையாட்டு அணிகளுக்கும் கடற்பயணங்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் அடைமொழியாகிவிட்டது. தவறில்லை; அருகில் வந்து தவறிய எதற்கும் அது அழகாகப் பொருந்தும். 1912 ஜனவரி 17இல் தென்துருவத்தை அடைந்த ராபர்ட் ஸ்காட், அமுண்ட்சென் 34 நாள் முன்பே வந்து போனதைக் கண்டார். திரும்பும் வழியில் உணவுக் கிடங்குக்கு 11 மைல் தொலைவில் பனிப்புயலில் அடைபட்டு அவரும் கடைசித் தோழர்களும் இறந்தார்கள். அந்த 11 மைல் இந்தச் சொல்லுக்கு உரிய தொலைவு. ஆனாலும் திட்டமிடலில் பிழை உண்டா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. அவரை ஸ்டார்-கிராஸ்டு என்று எழுதுபவர் அந்த வாதத்தில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்று பொருள். அதே ஆண்டு மூழ்கிய டைட்டானிக்குக்கு இந்த அடைமொழியைப் போடுவது அதைவிட மோசம். கப்பலில் இருந்தவர்கள் சுமார் 2,200 பேர். உயிர்காப்புப் படகுகளில் இடம் இருந்தது 1,178 பேருக்கு. அந்தக் கணக்கை எழுதியது விண்மீன் இல்லை.

ஷேக்ஸ்பியரிடம் இந்த நழுவல் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். முன்னுரைப் பாட்டில் விண்மீன் வருவதற்கு முன் நான்கு அடிகள் முழுக்கக் குடும்பப் பகையைப் பற்றியவை. விண்மீன் வரும் அடிக்கு முந்திய அடியிலேயே, அழிவைச் சுமக்கும் அந்தப் பகைவர்களின் குருதியிலிருந்து பிள்ளைகள் பிறப்பது சொல்லப்பட்டுவிடுகிறது. வானத்தில் எழுதப்பட்டதும் வீட்டில் எழுதப்பட்டதும் அடுத்தடுத்த இரண்டு அடிகளில் தோளோடு தோள் நிற்கின்றன. எது எதற்குக் காரணம் என்று பாட்டு பிரித்துச் சொல்லவில்லை. பெற்றோரின் பகையே அந்தப் பிள்ளைகளுக்கு விண்மீனாக நின்றது என்று படித்தாலும் ஓர் அசைகூட முரண்டாது. நாடகத்தின் இறுதியில் வெரோனாவின் இளவரசன் கடிந்து பேசுவது வானத்தை நோக்கி அல்ல, இரண்டு தந்தையரை நோக்கி. கண்டும் காணாமல் இருந்த தன்னையும் அவன் அதில் சேர்த்துக்கொள்கிறான்.

ஒரு சொல் பிறந்த இடத்திலிருந்து எவ்வளவு தொலைவு நடந்தும் மெருகு குலையாமல் இருக்க முடியும் என்பதற்கு 1957இல் ஒரு சான்று கிடைத்தது. டியூக் எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் ஷேக்ஸ்பியர் பாத்திரங்களை ஜாஸ் இசையாக்கி 'சச் ஸ்வீட் தண்டர்' என்ற தொகுப்பைச் செய்தார்கள். அதில் ஒரு பகுதியின் பெயர் 'தி ஸ்டார்-கிராஸ்டு லவ்வர்ஸ்'. ஜானி ஹாட்ஜஸின் ஆல்டோ சாக்ஸஃபோன் ஜூலியட். பால் கொன்சால்வெசின் டெனர் சாக்ஸஃபோன் ரோமியோ. பாட்டு மெதுவாக நடக்கும். ஹாட்ஜஸ் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு நேராகப் போகாமல் வழுக்கிக்கொண்டு சேர்வார். ஒவ்வொரு முறையும் சேர்வதற்கு ஒரு நொடி தாமதம் இருக்கும். இந்த மெட்டு ஷேக்ஸ்பியருக்காகப் போடப்பட்டதே இல்லை. அழகிய பெண் ஒருத்தியைக் குறிக்கும் வேறு பெயரில் சில ஆண்டுகள் முன்பே வாசிக்கப்பட்டது; தொகுப்புக்குள் வந்தபோதுதான் இந்தப் பெயரைச் சூடிக்கொண்டது. பழைய பெயரோடு கேட்டவர்களுக்கு அந்தத் தாமதம் கொஞ்சலாக ஒலித்திருக்கும். புதிய பெயரோடு கேட்கும் நமக்கு அதே தாமதம் மான்டுவாவுக்குப் போகாத கடிதமாகக் கேட்கிறது.